இந்த வயசுல என்ன தேய்மானம்?

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. பி.காம். படிச்ச பேங்க் ஆபீசர். டிஸ்க் பத்தி எழுதறப்போ டிஸ்கி போடாம ஆரம்பிச்சா நல்லா இருக்காது, அதான் :-)

முதல்லயே சொல்லிடறேன், இது சண்டை போடற பதிவு. 'முதுகு வலிக்குப் பத்து எளிய பயிற்சிகள்' தேடி வந்தவங்க இங்கயே அப்பீட் ஆயிக்கலாம். என் சண்டை ஒரே ஒரு வாக்கியத்தோட. இருபதுகள்ல முதுகு வலி வந்த எந்தப் பிள்ளையும் அதைக் கேக்காம தப்பிச்சதில்லை.

"இந்த வயசுல என்ன முதுகு வலி?"

இங்க நாக்பூர்ல இதையே இந்தியில கேப்பாங்க. "அரே, இஸ் உமர் மே கமர் தர்த்?" மொழி மாறுது, கேக்கும்போது வர்ற அந்தச் சிரிப்பு மட்டும் மாறறதே இல்லை. கேக்கறவர் பதிலை எதிர்பார்த்துக் கேக்கறதில்லைங்க. தீர்ப்பு ஏற்கெனவே எழுதியாச்சு. நீ சோம்பேறி, இல்லைன்னா நடிக்கறே, ரெண்டும் இல்லைன்னா ஏதோ கெட்ட பழக்கம் இருக்கு.

எனக்கு இது வந்தது 2008ல. வயசு 29. யவத்மாள் மாவட்டத்துல ஒரு சின்ன ஊர்க் கிளை. காலையில எழுந்து சாக்ஸ் போடக் குனிஞ்சா இடது புட்டத்துலேர்ந்து கெண்டைக்கால் வரைக்கும் கரண்ட் அடிச்ச மாதிரி இழுக்கும். தும்மல் வந்தா மேசையை ரெண்டு கையாலயும் புடிச்சுக்குவேன். உட்கார்றதுதான் இருக்கறதுலயே கஷ்டம். பேங்க் ஆபீசருக்கு உட்கார முடியலைன்னா என்ன பண்றது சொல்லுங்க! நாலு நாள் லீவு கேட்டதுக்கு அப்போ இருந்த மேனேஜர் சொன்ன பதில் இன்னும் காதுல இருக்கு. "எனக்கு 56 வயசு, நானே குனிஞ்சு லாக்கர் தெறக்கறேன். நீ மார்ச் முடியட்டும்னு பாரு." கால் ஒடிஞ்சு மாவுக்கட்டோட போயிருந்தா ஆளே மாறியிருப்பார். டிஸ்க்குக்கு மாவுக்கட்டு கிடையாதே. வெளிய பார்த்தா ஆறடி ஆள், நல்லாத்தான் சாப்பிடறான், அப்புறம் என்ன வலி?

இது வரைக்கும் முதல் பாதி. ரெண்டாவது பாதிதான் எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பறது.

எம்.ஆர்.ஐ. எடுத்து ரிப்போர்ட் வந்துச்சு. 'எல்4-எல்5, எல்5-எஸ்1 டிஸ்க் டெசிகேஷன், பல்ஜ், டீஜெனரேடிவ் சேஞ்சஸ்'னு ரெண்டு பக்கம். அவ்வளவுதான், நேத்து வரைக்கும் "ஒண்ணுமில்லை"ன்னு சொன்ன அதே வாய்கள் எல்லாம் "அய்யய்யோ, எல்லாம் போச்சே"ன்னு திரும்பிடுச்சு. ஊர்லேர்ந்து அம்மா போன்ல அழறாங்க. பெரியப்பா "குடம் தூக்காதே, பைக் ஓட்டாதே, குனியாதே"ன்னு ஏழெட்டு 'தே' சொல்றார். ஒரு டாக்டர் (பேர் வேண்டாம்) "முதுகெலும்பு தேய்ஞ்சு போச்சு, ஆபரேஷன் பண்ணலைன்னா கால் வெளங்காமப் போயிடும்"னு சொன்னார். இன்னொருத்தர் மூணு வாரம் படுக்கையை விட்டு எழவே கூடாதுன்னு சொல்லி, காலுக்கு எடை கட்டி டிராக்ஷன் போட்டார். ஒரே வாரத்துல நோஞ்சான்னு கூட ஒத்துக்காத ஆளை ஊனமுற்றவன் ஆக்கிட்டாங்க. நடுவுல ஒரு நிலைமையே நம்ம ஆளுங்களுக்குத் தெரியாது போல.

அந்த 'தேய்மானம்'ங்கற வார்த்தையை மட்டும் கொஞ்சம் நிறுத்திப் பேசணும். ஏன்னா அது என் சப்ஜெக்ட்.

பி.காம். முதல் வருஷம் படிச்ச எல்லாருக்கும் தேய்மானம்னா டிப்ரிசியேஷன். நேர்கோட்டு முறை, குறைந்து செல் மதிப்பு முறைன்னு ரெண்டையும் உருப்போட்டிருப்போம். ஒரு லட்சத்துக்கு வாங்கின மெஷினைப் பத்து வருஷத்துல புத்தகத்துல ஒண்ணுமில்லாம ஆக்கிடுவோம். ஆனா மெஷின்? அது பாட்டுக்கு ஓடிக்கிட்டு இருக்கும். எங்க பழைய கிளையில இரும்பு பீரோ ஒண்ணு புத்தக மதிப்பு ஒரு ரூபாயில பல வருஷம் நின்னுச்சு. பூட்டு அவ்வளவு கச்சிதம். புத்தக மதிப்பு வேற, வேலை செய்யற திறன் வேற. இது கணக்குப் பதிவியல்ல முதல் பாடம். எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்ங்கறது புத்தக மதிப்புங்க. அதைப் பார்த்துட்டு மெஷினைக் காயலாங்கடையில போடச் சொல்றீங்க.

இது சும்மா நான் சமாதானத்துக்குச் சொல்றது இல்லை. 1994லயே அமெரிக்காவுல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு. முதுகு வலியே இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. மெஷின்ல படுக்க வெச்சாங்க. பாதிக்கு மேல, 52 சதவீதம் பேருக்கு, ஏதாவது ஒரு டிஸ்க் பிதுங்கி இருந்துச்சு. அவங்களுக்கு ஒரு வலியும் இல்லை, நல்லா நடந்து வந்து நல்லா நடந்து போனாங்க. 2015ல இந்த மாதிரி 33 ஆராய்ச்சிகளை ஒண்ணா சேர்த்து, வலி இல்லாத 3110 பேரோட படங்களைக் கணக்குப் பார்த்தாங்க. இருபது வயசுக்காரங்கள்லயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம். 30 சதவீதம் பேருக்குப் பிதுக்கம். எண்பது வயசுல தேய்மானம் 96 சதவீதம். அதாவது நரை மாதிரி. சிலருக்குச் சீக்கிரம் வரும், சிலருக்கு லேட்டா வரும். கொஞ்சம் பேருக்கு மட்டும் அது வலிக்கவும் செய்யும்.

"அப்போ படத்துல இருக்கறதுக்கும் வலிக்கும் சம்பந்தமே இல்லையா?"ன்னு கேப்பீங்க. அப்படியும் இல்லை. வலி இருக்கறவங்ககிட்ட இந்த மாற்றங்கள் கூடுதலாத்தான் தெரியுது. பிதுங்கின டிஸ்க் நரம்பை அழுத்தினா கால் வலி நிஜம், மரத்துப் போறதும் நிஜம். நான் சொல்ல வர்றது, படம் மட்டுமே ஆளோட தலையெழுத்து இல்லைங்கறதுதான். ஜாதகக் கட்டத்தைப் பார்த்துப் பலன் சொல்றாப்ல அந்தக் கறுப்பு வெள்ளை ஃபிலிமை ட்யூப் லைட்டுக்கு நேரா தூக்கிப் புடிச்சு ஆளாளுக்குப் பலன் சொல்றோம். பிள்ளையை உட்கார வெச்சு "எங்க வலிக்குது, எப்போ வலிக்குது, எது செஞ்சா தேவலையாகுது"ன்னு கேக்க மட்டும் யாருக்கும் நேரமில்லை.

டிஸ்க்னா என்னன்னு ரெண்டு வரி. நம்ம முதுகெலும்புல மொத்தம் 23 டிஸ்க். வெளியில டயர் மாதிரி வளையம் வளையமா நார், உள்ள தண்ணி நிறைஞ்ச ஜெல்லி. வளர்ந்த ஆளோட டிஸ்க்குக்குள்ள ரத்தக் குழாய் ஓடறது கிட்டத்தட்ட கிடையாது. மேலயும் கீழயும் இருக்கற எலும்புலேர்ந்து ஊறி வர்றதுதான் அதுக்குச் சாப்பாடு. பகல் முழுக்க நம்ம எடை அழுத்தி தண்ணி வெளிய போகும், ராத்திரி படுத்தா திரும்ப ஊறும். அதனாலதான் காலையில நாம ராத்திரியை விட ஒரு செ.மீ. போல உயரமா இருக்கோம். பகல்ல டெபிட், ராத்திரி கிரெடிட். வருஷம் ஆக ஆக கிரெடிட் குறையும். இது அறுபதுல ஆரம்பிக்கற கதை இல்லை, பதின்ம வயசுலயே ஆரம்பிக்கலாம். 'இந்த வயசுல என்ன'ன்னு கேக்கறவங்களுக்கு டிஸ்க்கோட பதில் இதுதான்.

அடுத்து வர்றது குற்றச்சாட்டு. "செல்போனைப் பார்த்துக்கிட்டே குனிஞ்சு உட்கார்றது, பீட்சா தின்னறது, வேற என்ன? எங்க காலத்துல ஆட்டுரல்ல அரைச்சோம், கிணத்துல எறைச்சோம், முதுகு வலின்னா என்னன்னே தெரியாது." அப்படியா? எங்க ஊர்ப் பக்கம் (திருநெல்வேலிக்குக் கிழக்கே) நாத்து நட்ட கிழவிங்கள்ல எத்தனை பேர் கூன் விழுந்து கம்பு ஊணி நடந்தாங்க, அது என்ன யோகாசனமா? அவங்களுக்கும் வலிச்சுது. சொன்னா கேக்க ஆள் இல்லை, அதனால சொல்லலை. அவங்க வாயை மூடிக்கிட்டு இருந்ததை ஆரோக்கியம்னு கணக்குல எழுதிட்டோம்.

பரம்பரையைப் பத்தி யாரும் பேசறதே இல்லை. பின்லாந்துல இரட்டையர்களை வெச்சுப் பல வருஷம் பார்த்தாங்க. ஒருத்தர் காலம் பூரா வண்டி ஓட்டறவர், அவரோட இரட்டையர் அப்படி இல்லை, இந்த மாதிரி ஜோடிகள். வேலையால வந்த வித்தியாசம் எதிர்பார்த்ததை விட ரொம்பக் கம்மி. பிறப்புல வந்தது அதை விட ரொம்பப் பெரிசு. எங்க வீட்டையே எடுத்துக்குங்க. அப்பாவுக்கு வருஷத்துக்கு ரெண்டு தடவை 'வாயுப் பிடிப்பு' வரும். பிடிப்புன்னு சொல்லி தைலம் தேய்ச்சு நாலு நாள் கோணிக்கிட்டு நடப்பார். அடுத்து நான். இப்போ என் அக்கா பொண்ணு. அப்பா பீட்சாவைக் கண்ணால கூடப் பார்த்ததில்லைங்க.

மருமகளைப் பத்தித்தான் இந்தப் பதிவே. அவகிட்ட கேட்டுட்டுத்தான் எழுதறேன். "பேர் போடாதீங்க மாமா, மத்தது எல்லாம் போடுங்க"ன்னா.

அவளுக்கு 26. புனேவுல சாஃப்ட்வேர். தினம் வாகட்லேர்ந்து ஹிஞ்சவடிக்கு ஸ்கூட்டர், அந்த டிராஃபிக் தெரிஞ்சவங்க ஒரு நிமிஷம் மௌன அஞ்சலி செலுத்துங்க. 24 வயசுல வலி ஆரம்பிச்சுது. ரெண்டு வருஷமா பிசியோதெரபி, நீச்சல், தினமும் நடை. மாசத்துல இருபத்தஞ்சு நாள் நல்லா இருப்பா. மிச்சம் அஞ்சு நாள் பல்லைக் கடிச்சுக்கிட்டு வேலை பார்ப்பா. இதுவரைக்கும் வேலையில ஒரு குறை கிடையாது, ப்ரமோஷனும் வாங்கியாச்சு.

போன பொங்கலுக்கு நாக்பூர் வந்திருந்தா. நம்ம ஆளுங்க கூடற விழாவுல பந்தி தரையில. இவ ஓரமா நின்னுக்கிட்டு தட்டுல சாப்பிட்டா. பின்னாடி ரெண்டு மாமிங்க, என் தங்கமணி காதுல விழற மாதிரியே, "இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்குக் கீழ உட்கார்ந்தா ஜீன்ஸ் கிழிஞ்சிடும்." இன்னொரு அம்மா அக்கறையா, "சின்ன வயசுல உளுந்தங்களி குடுத்திருந்தா இடுப்பு இப்படி ஆகியிருக்காது"ன்னாங்க. எங்க அக்கா உளுந்தங்களி கிண்டிக் கிண்டியே கை காய்ச்சுப் போனவ. அதைக் கேட்டுட்டு அன்னிக்கு ராத்திரி அழுதா. வலி இருக்கற பொண்ணு அழலை, களி கிண்டின அம்மா அழுதா.

இப்போ வீட்டுல கல்யாணப் பேச்சு. மதுரைப் பக்கத்துக் குடும்பம், பையன் பெங்களூர்ல. ஜாதகம் பொருந்திடுச்சு. அக்காவும் அத்தானும் ஒரு முடிவு எடுத்திருக்காங்க. எம்.ஆர்.ஐ. ஃபிலிமை பீரோவுல துணிக்கு அடியில வெச்சுப் பூட்டிடறதுன்னு. "கல்யாணம் ஆகற வரைக்கும் யாருக்கும் மூச்சு விடாதே. நீச்சலுக்குப் போறதைக் கூட 'ஹாபி'ன்னு சொல்லிடு." எனக்கும் போன் வந்துச்சு. "தம்பி, நீயும் உன் முதுகைப் பத்தி அவங்க முன்னாடி பேசிடாதே, பரம்பரைன்னு நெனச்சுடுவாங்க." (பரம்பரைதான், அக்கா!)

எனக்கு அக்காவோட பயம் புரியுது. வெளியூர்ல இருபது முப்பது வருஷம் இருந்துட்டு, ஊர்ல பேசி முடிக்கற சம்பந்தத்துல நமக்கு ஏற்கெனவே ஆயிரம் சந்தேகக் கேள்வி. "பொண்ணு வடக்க வளர்ந்தது, தமிழ் எழுதப் படிக்க வருமா?"ங்கறதுலேர்ந்து ஆரம்பிக்கும். அதுல டிஸ்க்கும் சேர்ந்தா? புரியுது. ஆனா ஒத்துக்க முடியலை.

ஒளிச்சு வெச்சுக் கல்யாணம் பண்ணிக் குடுத்தா என்ன ஆகும்? முதல் மாசம் அந்த அஞ்சு நாள் வரும். புது மருமக காலையில எழுந்து குனிஞ்சு கோலம் போட முடியாம நிப்பா. அப்போ அந்த வீட்டுல யாராவது அதே வாக்கியத்தைச் சொல்லுவாங்க. "இந்த வயசுல என்ன?" இவளால "எனக்கு இது இருக்கு"ன்னு சொல்ல முடியாது, சொன்னா ஏமாத்தினதா ஆகும். வலியை விட அந்த வாயடைப்பு கொடுமை. நாமளே நம்ம பிள்ளையை அந்த மூலையில கொண்டு போய் நிறுத்தறோம். அதுவும் சீர் செஞ்சு, மேளம் கொட்டி.

அவங்க ரொம்பப் பயப்படற விஷயம், "பிள்ளை பெத்துக்க முடியுமா?" இதை அவளே பெண்கள் டாக்டர்கிட்டயும் எலும்பு டாக்டர்கிட்டயும் கேட்டுட்டு வந்துட்டா. ரெண்டு பேருமே தடையில்லைன்னு சொல்லியாச்சு. வயித்துல பிள்ளை இருக்கும்போது வலி கொஞ்சம் கூடலாம், அதுக்குத் தகுந்த மாதிரி பார்த்துக்கணும், அவ்வளவுதான். அதுக்கு அப்புறமும் அக்காவுக்கு மனசு ஆறலை. அதனால ஒரு கணக்கு சொன்னேன். இருபதுகள்ல வலியே இல்லாதவங்கள்ல 37 சதவீதம்னா, மாப்பிள்ளைப் பையனோட முதுகுலயும் அது இருக்க மூணுல ஒரு பங்குக்கு மேல வாய்ப்பு. அவனையும் மெஷின்ல படுக்க வெச்சுப் பார்க்கலாமா, பத்துப் பொருத்தத்தோட பதினொண்ணாவது பொருத்தமா டிஸ்க் பொருத்தம் பார்ப்போமான்னு கேட்டேன். அத்தான் போனைத் தங்கமணிகிட்ட குடுக்கச் சொல்லிட்டார்.

சரி, ஆபீஸ் கதைக்கு வருவோம். அங்கயும் இதே 'வயசு' வாதம்தான்.

2016 நவம்பர் எட்டாம் தேதிக்கு அப்புறம் எங்க பொழப்பு எப்படி இருந்துச்சுன்னு பேங்க்காரங்க வீட்டுல இருந்தவங்களுக்குத் தெரியும். காலையில கவுன்ட்டர்ல உட்கார்ந்தா ராத்திரிதான் எழுந்திருக்கறது. எனக்கு அரை மணிக்கு மேல உட்கார்ந்தா கால் இழுக்கும். ரெண்டு காலி ட்ரங்குப் பெட்டியை ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி, கீபோர்டை அதுமேல வெச்சு நின்னுக்கிட்டே வேலை பார்த்தேன். க்யூவுல இருந்த ஒரு பெரியவர் "சாஹேப் நமக்காக நின்னுக்கிட்டே வேலை பார்க்கறார், எவ்வளவு மரியாதை"ன்னு மராட்டியில எல்லார்கிட்டயும் சொன்னார். அந்த ஒரு நாள் என் டிஸ்க்குக்குப் பேர் கிடைச்சுது. மத்த நாள்ல எல்லாம் "கொஞ்சம் நின்னுக்கிட்டே வேலை பார்க்க ஒரு உயர மேசை வேணும்"னு எழுதிக் குடுத்தா, மேல இருக்கறவங்க "விதியில இல்லை"ன்னு திருப்பி அனுப்புவாங்க. விசிட்டர் உட்கார சோபா வாங்க மூணு கொட்டேஷன் ஒரே வாரத்துல வரும், பார்த்திருக்கேன்.

2018ல கேரளாவும் 2021ல தமிழ்நாடும் கடைகள்ல வேலை பார்க்கறவங்களுக்கு உட்கார இடம் குடுக்கணும்னு சட்டத்தைத் திருத்தினாங்க. ஜவுளிக்கடையில பத்து மணி நேரம் நின்னே தேய்ஞ்ச பொண்ணுங்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்! அந்தச் சட்டத்துக்கு முன்னாடியும் "சின்னப் பொண்ணுங்கதானே, நிக்கறதுக்கு என்ன"ன்னுதான் சொல்லிக்கிட்டு இருந்தாங்க. அங்க நிக்க வெச்சு வதைக்கறது, இங்க உட்கார வெச்சு வதைக்கறது. ரெண்டுலயும் உடம்பு கேக்கறது ஒண்ணுதான், நிலையை மாத்திக்க விடு. அதுக்குப் பெரிய செலவு கிடையாது. மேலதிகாரி மனசு வைக்கணும், அதுதான் பட்ஜெட்ல இல்லாத அயிட்டம்.

படுக்கை ஓய்வு பத்தி ஒரு வார்த்தை. 1995ல ஹெல்சிங்கி நகராட்சி ஊழியர்கள் 186 பேரை மூணாப் பிரிச்சாங்க. திடீர்னு இடுப்பு புடிச்சுக்கிட்டவங்க இவங்க. சிலருக்கு ரெண்டு நாள் படுக்கை, சிலருக்கு முதுகுப் பயிற்சி, மீதிப் பேருக்கு "வலி விடற அளவுக்கு வழக்கமான வேலையைப் பாருங்க". மூணாவது கூட்டம்தான் சீக்கிரம் தேறினாங்க. 1995! எனக்கு மூணு வாரம் படுக்கை எழுதினது 2008. உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பர்ல நாள்பட்ட முதுகு வலிக்கு வழிகாட்டுதல் வெளியிட்டுச்சு. டிராக்ஷன் வேண்டாம், இடுப்பு பெல்ட் வேண்டாம்னு அதுலயே இருக்கு. உடற்பயிற்சி, வலியைப் பத்திப் புரிய வைக்கறது, மனசுக்கான உதவி, இதெல்லாம்தான் வேணும்ங்கறாங்க. ஆனா இன்னும் நம்ம பிள்ளைங்களுக்கு முதல் நாளே பெல்ட் மாட்டி விட்டுடறாங்க. அதே அறிக்கையில 2020 கணக்குப்படி உலகத்துல 61.9 கோடி பேருக்கு இடுப்பு வலின்னும் இருக்கு. இவ்வளவு பேரும் நடிக்கறாங்களா என்ன?

ஆபரேஷனே கூடாதுன்னு நான் சொல்லலை. நரம்பு அழுத்தி மாசக்கணக்கா கால் வலி போகாதவங்களுக்கு அது சீக்கிரம் நிம்மதி குடுக்கும், என் பேட்ச்மேட் ஒருத்தர் பண்ணிக்கிட்டு நல்லா இருக்கார். பிதுங்கின துண்டு பல பேருக்குத் தானாவே சுருங்கியும் போகும், எனக்குப் போச்சு. எது யாருக்குன்னு பொறுமையா பேசற டாக்டர் வேணும். பயமுறுத்திக் கையெழுத்து வாங்கறது லோன் ரெகவரி ஏஜென்ட் வேலை.

இங்க ஒரு விஷயம் சீரியஸா. 'இந்த வயசுல ஒண்ணுமில்லை'ன்னு தள்ளி விடறது சும்மா மனசைப் புண்படுத்தறது மட்டும் இல்லை, ஆபத்தும் கூட. எங்க காலனியில ஒரு தமிழ்ப் பையன். காலையில எழுந்தா ஒரு மணி நேரம் முதுகு மரக்கட்டை மாதிரி இருக்கும், நடமாட நடமாட சரியாகும், ராத்திரி ரெண்டாவது தூக்கத்துல வலி எழுப்பி விடும். நாலு வருஷம் "ஜிம் போறான், சுளுக்கு"ன்னு ஓட்டிட்டாங்க. அது டிஸ்க்கே இல்லை, முதுகெலும்பு மூட்டுகள்ல வர்ற அழற்சி நோய், ஆங்கிலோசிங் ஸ்பான்டிலைட்டிஸ். வாத நோய் டாக்டர்கிட்ட போன அப்புறம்தான் தெரிஞ்சுது. பெரும்பாலும் இள வயசுலதான் அது ஆரம்பிக்கும். முதுகெலும்புல காசநோயும் நம்ம நாட்டுல இருக்கு. ஜுரம், காரணமில்லாம எடை குறையறது, கால் பலம் குறைஞ்சுக்கிட்டே போறது இருந்தா வயசைப் பார்க்காம டாக்டர்கிட்ட ஓடுங்க. தொடை இடுக்கு மரத்துப் போய் ஒண்ணுக்கு, ரெண்டுக்கு கட்டுப்பாடு போச்சுன்னா அன்னிக்கே, அந்த மணி நேரமே ஆஸ்பத்திரி. அங்க தைலம் தேய்ச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தா திரும்ப வராது.

ரயிலைப் பத்திச் சொல்லாம விட்டா வெளியூர்த் தமிழனுக்கு அழகில்லை. நம்ம எல்லாருக்கும் ஊருன்னா ஒரு ராத்திரி, ஒரு பகல் ரயில்தானே. லோயர் பெர்த் கோட்டா மூத்த குடிமக்களுக்கு, 45 வயசு தாண்டின பெண்களுக்கு, கர்ப்பிணிகளுக்கு. நியாயமான ஏற்பாடு, குறை சொல்லலை. ஆனா 26 வயசுக்காரிக்கு அப்பர் பெர்த் விழுந்து, கீழ இருக்கற காலேஜ் பையன்கிட்ட "மாத்திக்கலாமா, முதுகு வலி"ன்னு கேட்டா அவன் தலையிலேர்ந்து கால் வரைக்கும் பார்ப்பான். போன தடவை அவ ஒரு பொய் சொல்லி பெர்த் மாத்திக்கிட்டாளாம். "கர்ப்பமா இருக்கேன்"னு. உண்மையான நோயைச் சொன்னா நம்ப மாட்டாங்க, இல்லாத கர்ப்பத்தைச் சொன்னா உடனே எழுந்து பையையும் தூக்கிக் குடுக்கறாங்க. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா, எனக்குத்தான் சிரிப்பு வரலை.

பையன் வீட்டுக்காரங்க வர்ற மாசம் பார்க்க வர்றாங்க. மருமக அதுக்கு முன்னாடி பையனுக்கு நேரா போன் பண்ணிச் சொல்லிடப் போறாளாம், ரிப்போர்ட்டையும் வாட்ஸ்அப்ல அனுப்பிடப் போறாளாம். "வேண்டாம்னா இப்பவே வேண்டாம்னு சொல்லட்டும், எனக்கு இன்னும் நீச்சல் க்ளாஸ் பாக்கி இருக்கு"ங்கறா. நான் சரின்னுட்டேன். அக்கா இந்தப் பதிவைப் படிப்பா. படிச்சுட்டு ராத்திரி ஒன்பது மணிக்கு மேல போன் வரும். வரட்டும், நின்னுக்கிட்டே பேசிக்கறேன்.